தூஷணமும் துன்பமும்: வரலாற்று நாடகத்தில் வசைக்கும் வன்செயலுக்கும் உரிய இடம்

வரலாற்று நாடகம் என்பது இறந்துபட்ட மாந்தரை மீண்டும் பேசவைக்கும் கலையாகும். அவர்தம் வாயில் எத்தகைய சொல்லை வைப்பது, அவர்தம் கைவாளை எவ்வளவு தூரம் ஓங்கவிடுவது என்பன அக்கலையை மேற்கொள்வோன் முன் எப்பொழுதும் நிற்கும் வினாக்கள். இவற்றுக்கு வழக்கமாக இருவகை விடைகள் கூறப்படும். 'அவர்கள் அப்படித்தான் பேசினர், அப்படித்தான் கொன்றனர். உள்ளதை உள்ளவாறு காட்டுதலே கலைஞன் கடன்' என்பது ஒன்று. 'கலை நாகரிகத்தின் வெளிப்பாடு. அவையிற் கூறத்தகாததைக் கூறலும் காட்டத்தகாததைக் காட்டலும் இழுக்கு' என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் போதாதன; வேறோர் அளவுகோல் நமக்கு வேண்டியுள்ளது. மன்னார்க் கரையைச் சேர்ந்தோர்க்கு அதன் தேவை ஏனையோரினும் மிகுதி என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

முதலாம் விடையின் வலிமையையும் வரம்பையும் அறிதற்கு மேல்நாட்டுத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'டெட்வூட்' என்னும் தொடர்நாடகம் 2004 முதல் 2006 வரை அமெரிக்காவில் எச்.பி.ஓ. நிறுவனத்தால் 36 பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. அதனை ஆக்கியவர் டேவிட் மில்ச். கதை தொடங்கும் ஆண்டு 1876. களம், டக்கோட்டாப் பிரதேசத்திற் பொன் தேடிச் சென்றோர் திடீரென எழுப்பிய ஒரு குடியிருப்பு. அந்நிலம் லக்கோட்டா மக்களுக்குரியதென ஐக்கிய அமெரிக்க அரசே 1868ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே அங்குச் சென்று குடியேறியோர் அனைவரும் சட்டத்தை மீறியே குடியேறியவராவர். சட்டமில்லாத ஊரில் துப்பாக்கியும் வாய்ச்சொல்லுமே சட்டமாயின. வைல்ட் பில் ஹிக்கொக் என்னும் புகழ்பெற்ற துப்பாக்கி வீரன் 1876 ஆகஸ்டு 2ஆம் நாள், சீட்டாடிக்கொண்டிருக்கையிற் பின்புறமிருந்து சுடப்பட்டு இறந்தான். சுட்டவனை ஊரார் கூடி விசாரித்து விடுதலை செய்தனர். பின்னர் அவன் வேறோர் ஊரில் மீண்டும் விசாரிக்கப்பட்டு 1877 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டான். வரலாற்றிற் பதிவான இக்கொலையும் இவ்விடுதலையும் அந்நாடகத்தில் இடம்பெறுகின்றன.

எனினும் 'டெட்வூட்' என்றவுடன் பலருக்கு நினைவில் எழுவது அதன் மொழியேயாகும். உடலுறவையும் உடலுறுப்பையும் குறிக்கும் வசைச்சொற்கள் அதன் உரையாடலில் அடைமழையெனப் பொழிகின்றன. 1876ஆம் ஆண்டின் மாந்தர் இவ்வாறு பேசினரோ எனப் பலர் வினவினர். மில்ச் இதற்கு அளித்த விளக்கம் சிந்தனைக்குரியது. அக்காலத்தோர் கொடுஞ்சொற்களெனக் கருதி அஞ்சியவை பெரும்பாலும் கடவுளையும் புனிதப் பொருள்களையும் பழிக்குஞ் சொற்களே. அவற்றை இன்றைய பார்வையாளர் கேட்பின் அஞ்சார், நகைப்பர். எனவே அன்று அச்சொற்கள் விளைத்த அதிர்ச்சியை இன்று விளைத்தற்பொருட்டு இக்காலத்து ஆபாச வசையை அவ்விடத்தில் வைத்ததாக அவர் கூறினார்.

இங்கு நம் பேச்சுவழக்கிலுள்ள ஒரு சொல்லை நினைவுகூர்தல் தகும். ஈழத்திற் சிறுவனொருவன் தெருவில் ஆபாசச் சொல் பேசினால் 'தூஷணம் பேசாதே' என்று பெரியோர் கண்டிப்பர். அதே சொல்லைக் கத்தோலிக்கரும் ஏனைக் கிறித்தவரும் 'தேவதூஷணம்' என்ற தொடரிற் கடவுளைப் பழித்தலைக் குறிக்க ஆள்வர. தூஷணம் என்பதன் மூலப்பொருள் மாசுபடுத்தல். மில்ச் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைக்க நேர்ந்த இருவகை வசையையும் நம் வழக்கு ஒரே சொல்லால் முன்னரே பிணைத்து வைத்துள்ளது. தூய்மையென ஒரு சமுதாயம் எதனைக் கருதுகின்றதோ அதன்மேற் சேற்றை வீசுவதே தூஷணம். தூய்மை பற்றிய எண்ணம் மாறுந்தோறும் தூஷணத்தின் இலக்கும் மாறும்.

இதனின்று பெறப்படுவது யாது? 'அவர்கள் அப்படித்தான் பேசினர்' என்னும் நியாயம் 'டெட்வூட்' நாடகத்துக்கே பொருந்தவில்லை. அவர்கள் அப்படிப் பேசினரல்லர் என்பதை ஆக்கியோனே அறிவார். அவர் காக்க முயன்றது சொல்லின் வடிவத்தையன்று, அதன் வலுவையே. வரலாற்று நாடகத்துக்குரிய உண்மை சொற்பட்டியலில் இல்லை. சொல் சென்று தைக்கும் இடத்திலேயே உள்ளது. அவ்வாறாயின், அச்சொல் யாரைத் தைக்கின்றது என்னும் வினாவிலிருந்து கலைஞன் தப்பமுடியாது. 'வரலாறு அப்படி' என்று கூறிக் கையைக் கழுவும் உரிமை அவனுக்கில்லை.

இனி இரண்டாம் விடையை நோக்குவோம். நம் மரபு இதன்பாற் சார்ந்து நிற்பதாகவே மேற்போக்கிற் தோன்றும். அவையிற் சொல்லத்தகாத கிளவியை மறைத்துக் கூறுக என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தார். வடமொழி நாட்டிய சாத்திரம் போரையும் மரணத்தையும் மேடையில் நேரே காட்டுதலை விலக்கிற்று. பழைய கிரேக்க நாடகத்திலுங்கூடக் கொலைகள் பெரும்பாலும் திரைக்கப்பால் நிகழும். தூதனொருவன் வந்து அவற்றை உரைப்பான். நம் நாட்டுக்கூத்தில் மன்னரும் மன்னரும் பொருதுங்கால் ஆட்டமும் தாளமும் போரைச் சுட்டுமேயன்றிக் குருதி சிந்துவதில்லை. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றிய 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியனவும் இம்மரபிலேயே நின்றன.

ஆயின் மறைத்தல் எப்பொழுதும் குற்றமற்றதன்று. 1960களில் ஈழத்து எழுத்துலகில் 'இழிசனர் வழக்கு' என்ற பெயரில் எழுந்த வாதத்தை இங்கு நினைக்கலாம். ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சினைப் புனைகதையில் எழுதுவது மொழியைக் கெடுப்பதாகும் என்று ஒருசாரார் பழித்தனர். அப்பழிப்புக்கு எதிராக நின்ற முற்போக்கு எழுத்தாளருள் ஒருவரான கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. சாதியின் பெயரால் ஒருவனை அழைக்குஞ் சொல்லையும், அவனை அடிக்குங் கையையும் நாகரிகத்தின் பெயரால் மறைத்துவிட்டால், பயன்பெறுவோர் யார்? அடித்தவரேயன்றி அடிபட்டவரல்லர். இடக்கரடக்கல் பேசுவோன் நாணத்தைக் காக்கும்வரை பண்பாகும். கொடியோன் முகத்தைக் காக்கத் தொடங்கின், அது கொடுமைக்குத் துணையாகும்.

மேலும், நம் மரபு குருதியைச் சொல்லாத மரபுமன்று. கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் பிணங்களைக் கூழாக அட்டு உண்ணும் பகுதியைக் கற்காத தமிழ் மாணவர் இலர். அக்கொடூரக் காட்சி அவையில் உவகையோடு கேட்கப்பட்டது. ஏனெனில் இறந்தோர் பகைவர். கலிங்கத்து வீரனின் தாயொருத்தி அவ்வவையில் இருந்திலள். சிலப்பதிகாரமோ வேறுவழிச் செல்கின்றது. கோவலன் கொலை சில அடிகளில் முடிந்துவிடுகின்றது; வாளெறிந்தவன் குடிமயக்கிலிருந்த ஒரு காவலன். வெட்டுக்குச் சில அடிகளே ஒதுக்கிய இளங்கோ, அவ்வெட்டின் விளைவைச் சொல்லக் காதைக்குமேற் காதையாகச் செலவிட்டார். கண்ணகி அழுகின்றாள், ஊரைக் கேட்கின்றாள், அரசன்முன் வழக்குரைக்கின்றாள். ஒரே வன்செயலை இரு நூல்களும் பாடவில்லையாயினும், இரண்டையும் அருகருகே வைக்கும்பொழுது வேறுபாடு புலனாகின்றது. குருதியின் அளவு அன்று வேறுபாடு. குருதி சிந்தியவர் சார்பில் யாரேனும் வாய்திறக்கின்றாரா என்பதே வேறுபாடு.

இவ்வளவுகோலைக் கொண்டு 'டெட்வூட்' நாடகத்தை மீண்டும் நோக்கின், அதன் பெருங்குறை வசைமொழியில் இல்லையென்பது தெளிவாகும். எவ்வகைச் சொல்லையும் தயங்காது ஆளும் அந்நாடகம், நிலத்தை இழந்த பழங்குடி மக்களுக்குப் பெரும்பாலும் ஒரு சொல்லும் அளிக்கவில்லை. மதுவிடுதித் தலைவன் அல் ஸ்வேரெஞ்சன், பெட்டியொன்றில் இட்டுவைத்த பழங்குடித் தலைவனொருவனின் வெட்டுண்ட தலையோடு தனிமையிற் பேசுகின்றான். அவன் பேசுவான், அத்தலை கேட்கும். சீன வணிகரொருவர் அறிந்த ஆங்கிலமோ பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லேயாகும். அந்நாடகம் தன் மாந்தரின் கொடுமையைப் பூசிமெழுகவில்லை என்பது மெய். அதற்காக அதனைப் பாராட்டலாம். ஆயினும் கொடுமை இழைத்தோர்க்கு ஓராயிரம் சொல்லும், அதனை அனுபவித்தோர்க்கு மௌனமும் என்ற பங்கீடு ஓர் அறக்குறை. அக்குறையைத் தூஷணங்கள் அனைத்தையும் நீக்கினாலும் தீர்க்கவியலாது.

இனி நம் கரைக்கு வருவோம். மன்னாரின் வரலாற்றை நாடகமாக்க விழையும் ஒருவன்முன் இரு பெருநிகழ்ச்சிகள் நிற்கும். 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை மன்னாரிற் புகுந்து, கிறித்தவத்தைத் தழுவிய ஏறத்தாழ 600 பேரைக் கொன்றது. கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகள் எனப் போற்றுவர். யாழ்ப்பாண வைபவமாலையும் இக்கொலையைக் கூறும். இறந்தோருள் மிகப் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்தது, 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்த போர்த்துக்கேயரின் காலத்தில் திருக்கேதீஸ்வரம் அழிவுற்றமை. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் பாலாவிக் கரையில் இருந்த இடமும் மறைந்துபோமாறு தரைமட்டமாயிற்று. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது சைவர் வழிவழியாகக் கூறிவருஞ் செய்தி. 1894இற் பழைய இடம் கண்டறியப்பட்டதும், 1948இல் திருப்பணிச் சபை தோன்றியதும், 1952இலும் 1976இலும் குடமுழுக்கு நிகழ்ந்ததும் அவ்வழிவின் பின்வந்த நீண்ட மீட்சியின் படிகளாம்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே நூற்றாண்டில், ஒரே கடற்கரையில் நிகழ்ந்தவை. எனினும் ஒரே வீட்டில் இரண்டும் ஒத்த துயரோடு சொல்லப்படுவது அரிது. ஒரு வீட்டிற் சங்கிலி தாய்நாட்டைக் காத்த வீரன். மற்றொரு வீட்டில் அவன் ஏரோதுக்கு நிகரானவன். ஒரு வீட்டிற் பறங்கியர் கோயிலிடித்த கொள்ளையர். மற்றொரு வீட்டில் அவர்களொடு வந்த குருமார் வேதத்தைக் கொணர்ந்தோர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1950களில் 'சங்கிலி' என்னும் வரலாற்று நாடகத்தை எழுதினார். இப்பொருள் நம் பல்கலைக்கழக அரங்குக்குப் புதியதன்று என்பதற்கு அதுவே சான்று. ஆயின் மன்னாரில், இரு சமயத்தாரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவையில், இவ்வரலாற்றை அதன் வசையோடும் வன்மையோடும் மேடையேற்றுவது எளிதோ?

எளிதன்று, அதற்குக் காரணமும் வெளிப்படை. மில்ச் எதிர்கொண்டது செத்த வசை. அமெரிக்கப் பார்வையாளரைச் சுடும் வலுவை 1876இன் தேவதூஷணம் இழந்துவிட்டதால் அவர் புதிய வசையைத் தேடினார். நாம் எதிர்கொள்வதோ உயிருள்ள வசை. 16ஆம் நூற்றாண்டிற் சமயம் மாறியவனை நோக்கி வீசப்பட்டிருக்கக்கூடிய பழிச்சொல்லும், விக்கிரகத்தை வணங்குவோனை நோக்கி வீசப்பட்டிருக்கக்கூடிய பழிச்சொல்லும் இன்றும் ஆறிய சொற்களல்ல. 2019 மார்ச் மாதம், மகாசிவராத்திரிக்கு முந்திய நாளில், திருக்கேதீஸ்வரத்துக்குச் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட ஓர் அலங்கார வளைவு தொடர்பாக இரு சமயத்தாருக்குமிடையே பிணக்கு மூண்டு, அவ்வளவு பிடுங்கி வீழ்த்தப்பட்டமை நாடறிந்த செய்தி. அத்தகைய சொற்களை இக்கட்டுரையில் எடுத்தெழுதாமைக்கு நாணம் காரணமன்று. மேடையிற் சொல்லைச் சொல்ல ஒருவனும், அதனைக் கேட்டு மறுமொழி கூற ஒருவனும் உளர். கட்டுரையில் அம்மறுமொழிக்கு இடமில்லை; சொல் மட்டுமே எஞ்சும்.

வன்செயலைக் காட்டுவதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அமெரிக்க நகரொன்றில் அமர்ந்து 1876இன் பிணத்தைக் காண்பவர்க்கு அது நெடுந்தொலைவிலுள்ள ஒரு படிமம். மன்னாரிலோ வரலாற்றுப் பிணத்தையும் நேற்றைய பிணத்தையும் பிரித்தறிவதே அரிதாயிற்று. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தருகே நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபொழுது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 80க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரிற் சதொச கட்டடம் அமைக்கத் தோண்டிய இடத்தில் மற்றொரு புதைகுழி கண்டறியப்பட்டு, 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அவற்றின் மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தனவென 2019இல் அறிக்கை வந்தது. போர்க்காலத்திற் காணாமற்போன தம் மக்களைத் தேடி நின்ற தாய்மாரிடம், இவை சங்கிலி காலத்தும் பறங்கியர் காலத்தும் மாந்தரின் எலும்புகளாகலாம் எனக் கூறப்பட்டது. பலருடைய ஐயத்தை அம்முடிவு தீர்க்கவில்லை. அத்தாய்மாருள் ஒருத்தி அவையில் இருக்க, 1544இன் கொலையை மேடையிற் காட்டுவது எங்ஙனம்? வாளோங்கும் காட்சியை அழகுற அமைத்துக் கைதட்டல் பெற நினைக்கும் இயக்குநன், தன் அவையில் யார் அமர்ந்திருக்கின்றார் என்பதை அறியாதவனாவான்.

அவ்வாறாயின் வாளாவிருத்தலே தக்கதெனச் சிலர் கூறக்கூடும். வன்மையைக் காண்போர் வன்மையைக் கற்பர் என்னும் அச்சம் பிளேட்டோ காலந்தொட்டு இருந்துவருவது. ஆயின் மௌனம் மன்னாரைக் காக்கவில்லை. வரலாற்றை மேடையிற் பேசாத ஊரில் அது திண்ணையிற் பேசப்படுகின்றது. திண்ணையில் எதிர்க்கட்சிக்காரன் இருப்பதில்லை. நாடகம் இரு தரப்பையும் ஒரே மேடையில் நிறுத்துவதாதலின், இவ்வகையில் திண்ணையினும் அறத்துக்கு அணித்து.

ஆகவே இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் இரு கூறுகளை உடையது. முதலாவது, அடியைக் காட்டுபவன் அடிபட்டோனின் குரலையும் காட்டுதல் வேண்டும்; அக்குரலுக்கு அடியினும் நீண்ட இடம் தருதல் வேண்டும். இரண்டாவது, கடுஞ்சொல்லையும் கொடுஞ்செயலையும் காட்டும் உரிமை தன் பக்கத்தார் இழைத்த குற்றத்தைக் காட்டுவோனுக்கே முதற்கண் உண்டு. 1544இன் கொலையைச் சைவ இளைஞன் எழுதட்டும். சங்கிலியின் படைவீரன் வாயில் வரும் வசையை அவனே நடித்துப் பேசட்டும். கோயில் இடிக்கப்பட்ட நாளைக் கத்தோலிக்க இளைஞன் எழுதட்டும். பாலாவிக் கரையில் நின்று அழும் அடியவனுக்கு அவனே சொல் தரட்டும். ஒரே வசை, எதிரியின் வாயிலிருந்து வருங்கால் அடியாகும்; அடித்தோன் வழியினன் அதனைத் தன் பழியாக ஏற்றுச் சொல்லுங்கால் அது சாட்சியமாகும்.

இதற்குத் தடைகள் எழும். மன்னார்ச் சைவர் சங்கிலியின் படையினரல்லர்; மன்னார்க் கத்தோலிக்கர் போர்த்துக்கேயருமல்லர். நானூறாண்டுக்கு முந்திய குற்றத்தை இவர்கள் ஏன் சுமத்தல் வேண்டும் என ஒருவர் கேட்கலாம். குற்றம் பரம்பரைச் சொத்தன்று என்பது உண்மை. ஆயின் பெருமையை மட்டும் பரம்பரைச் சொத்தாகக் கொள்வது எந்நீதி? சங்கிலியின் வீரம் எம்முடையது என்போர் அவன் வாளின் மறுபுறத்தையும் ஏற்றல் வேண்டும். இரண்டாவது தடை இதனினும் வலியது. 'பஞ்சமர்' போன்ற நூலை எழுதுவோன் முதலில் தன் பக்கத்துக் குற்றத்தைத் தேடவேண்டுமோ? வேண்டா. ஒருவர் கையே என்றும் ஓங்கியிருந்த இடத்தில் அடிபட்டோன் தன் துயரைத் தன் மொழியிற் கூறுதலே முதற்கடன். இரண்டாம் விதி, இரு கையும் மாறிமாறி ஓங்கிய இடத்துக்கே உரியது. மன்னார் அத்தகைய இடம்.

மன்னார்க் கூத்துகள் சிலவற்றைப் பேராசிரியர் வித்தியானந்தன் அச்சேற்றி ஏறத்தாழ அறுபதாண்டுகள் ஆகின்றன. அக்கூத்து மரபு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அதனை ஆடவல்லோர் இரு சமயத்து ஊர்களிலும் உளர். போரை ஆட்டத்தாற் சுட்டி, புலம்பலைப் பாட்டால் நீட்டும் அம்மரபு, வெட்டினும் விளைவுக்கே மிகுந்த இடந்தரும் இளங்கோவின் வழிக்கு இயல்பாகவே இசைவது. பல்கலைக்கழகத்தில் தமிழும் வரலாறும் மெய்யியலும் பயிலும் மாணவர் இதனைக் கையிலெடுத்தல் தகும். அந்நாடகத்தில் எத்தனை தூஷணச் சொற்கள் வருகின்றன என்று எண்ணுவோர் எண்ணுக. 600 பேரில் ஒருவனுக்கேனும் ஒரு பெயரும், இடிந்த கோயிலின் அடியவருள் ஒருவருக்கேனும் ஒரு சொல்லும் அதிற் கிடைத்தனவா என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி.